நாலு கொடுத்தோம், ஒன்று வாங்கினோம்

எங்கள் தோட்டத்தில் பந்து விளையாட்டில் கோல் போட்டோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொடுத்தோம் என்பார்கள். எதிராளி நம் வலைக்குள் அடித்துவிட்டால், வாங்கினோம். ‘ரெண்டு கொடுத்தோம், மூணு வாங்கினோம்’ என்றால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். ஆயாக் கொட்டகையில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது புரியும். புரியாத ஒரே ஒரு ஆள் எங்கள் தோட்டத்துக் கேட்டில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். அது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரியில் அட்டெண்டன். ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போவார், வருவார். அங்கே ஒரு காப்பிக்கடையில் ரேடியோ இருந்தது. மலாயா டீம் எங்கே யாரோடு ஆடினாலும் முடிவு அந்த ரேடியோவுக்கு வரும், அங்கிருந்து இவர் வாய்க்கு வரும், சாயங்காலத்துக்குள் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும். மலாயா என்றொரு நாடு இப்போது கிடையாது. பெயரை மாற்றி, பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு வேறு நாடாகிவிட்டது. அப்போது அது இருந்தது, வெள்ளைக்காரன் கையில் இருந்தது, அதற்கொரு பந்து டீமும் இருந்தது, என் வீட்டுக்காரர் அந்த டீமுக்குத் தாலி கட்டியிருந்தார். எனக்குக் கட்டியது அதற்கு அப்புறம்தான்.

அந்த டீம் ஆடிய ஆட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுதி வைத்ததில்லை, எழுதவும் வராது. யாராவது கேட்டால் போதும், முதல் மேட்சிலிருந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். இன்ன நாட்டுக்காரன் வந்தான், இத்தனை கொடுத்தோம், இத்தனை வாங்கினோம். கடைக்குப் போனால் உப்பு வாங்க மறந்துவிட்டு வருகிற மனிதர் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கொடுத்ததைவிட வாங்கினதுதானே சாஸ்தியா இருக்கு. ஒங்க மலாயாவுக்குக் கொடுக்கற கையே கெடையாதா?” என்பேன்.

“வாங்கினதையும் சொல்லணும் புள்ள. கொடுத்ததை மட்டும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா அது ரிக்கார்டா? வாங்கினதை மறைக்கிறவன் பந்து பாக்கவே வரக்கூடாதுலா.”

இதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி விறைப்பாக இருக்கும். சாமி காரியம் பேசுகிறவர் மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையின் அடிவாரத்தில் எங்கள் தோட்டம். மேலே எல்லாம் காடு. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்தார்கள், அவர்களைத் தேடிப் பட்டாளம் போய்க்கொண்டிருந்தது, நடுவில் நாங்கள் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தோம். தூரந்தூரமாய்க் கிடந்த லயங்களையெல்லாம் பிடுங்கி ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் வேலைக்குப் போகும்போது அங்கே சோதனை. பெண்களைச் சோதிக்கப் பெண்களே இருந்தார்கள், கொண்டைக்குள் எல்லாம் விரலை விட்டுப் பார்ப்பார்கள். வேலி தாண்டி ஒரு பருக்கைச் சோறு போகக்கூடாது. காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று ஒருவன்மேல் பட்டுவிட்டால் விசாரணையும் கிடையாது ஒன்றும் கிடையாது. கம்பிக்குள் போடுவார்கள், இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டினி கிடந்து மரம் சீவினோம் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. அந்தக் கப்பல்தான் பயம்.

கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒரு மலாய்க்காரப் பையன். கோலா கிளாவாங் பக்கத்துக் கம்பத்துக்காரன், கிராமத்துப் பிள்ளை. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. போலீசில் சேருவதற்கு முன்னால் டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் மளிகைக்கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தானாம். அதனால் தமிழ் பேசுவான். பேசுவதில் அவனுக்கு அத்தனை பெருமை. “அக்கா, சௌக்கியமா? என்னா கறி இன்னிக்கி?” என்று கேட்டுவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது மாதிரி முகத்தைப் பார்ப்பான். நல்ல பிள்ளை. சோதனைக்கு வைத்த பால் வாளியைக் காலால் தள்ளாமல் கையால் எடுத்துக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அவனால் நடந்தது.

தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு கொட்டகையைப் பட்டாளம் பிடித்தது. அங்கே ஒரு அரிசிச் சாக்கு கிடந்ததாம், அதில் எங்கள் தோட்டத்து முத்திரை இருந்ததாம். போலீஸ் தொரை ஜீப்பில் வந்து எங்களையெல்லாம் நிற்க வைத்துக் கத்திவிட்டுப் போனார். யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்றார். அவர் மலாய் நன்றாகப் பேசுவார். தமிழ் தெரியாது.

அந்த வாரத்தில்தான் மலாயா ஜெயித்தது.

சும்மா ஜெயிக்கவில்லை, நாலு கொடுத்து ஒன்று வாங்கி ஜெயித்தது. சிரம்பானிலிருந்து லோரி திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் உட்கார்ந்து வரவில்லை, ஷீட் இறக்கிய காலி லோரியின்மேல் நின்றுகொண்டே வந்தார். வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் மேல் டிவிஷன் ஆட்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். “எத்தன? எத்தன?” என்று அவர்கள் அங்கிருந்து கத்த, இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“நாலு கொடுத்தோம்! ஒண்ணுதான் வாங்கினோம்!”

கேட்டில் அந்தப் பையன் நின்றிருந்தான். கடையில் வேலை பார்த்தவனுக்கு முதலில் வருகிற தமிழ் எது? கொடு, வாங்கு. அது இரண்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலிக்கு வெளியே ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் காடு, உள்ளே வருகிற லோரியில் ஒருவன் நாலு கொடுத்தோம் என்கிறான். அவன் தன் கடமையைச் செய்தான்.

மறுநாள் விடியற்காலை பெரட்டு. வேலைக்குப் போகுமுன் கங்காணி பேர் கூப்பிடுகிற இடத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். நாங்கள் வாளியும் உளியுமாக நின்றுகொண்டிருந்தோம். ஜீப் வந்தது. போலீஸ் தொரை இறங்கினார், கூடவே கேட்டுப் பையன். நேராக என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார்கள். இவருக்கோ இன்னும் முந்தைய நாள் போதை இறங்கவில்லை. வாயெல்லாம் பல்.

பையன் தமிழில் கேட்டான். “அண்ணே, நேத்து நாலு கொடுத்ததா?”

“கொடுத்தோமே!” என்றார் இவர்.

பையன் திரும்பித் தொரையிடம் மலாயில் சொன்னான். தொரை ஒன்று கேட்டார்.

“யாருக்குக் கொடுத்தது?”

“வந்தானுங்களே, அவனுங்களுக்குத்தான். வீடு தேடி வந்தவன வெறுங்கையோட அனுப்ப முடியுமா தம்பி?”

பெரட்டில் எல்லாரும் சிரித்தார்கள். தொரையும் மலாயா ஜெயித்ததைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று எங்கள் நினைப்பு. வெள்ளைக்காரனுக்கும் பந்து பிடிக்கும்தானே.

“எத்தனை ஆளு சேர்ந்து கொடுத்தது?”

“பதினோரு பேரு.”

“ஒண்ணு வாங்கினதா?”

“அது கடைசி நேரத்துல வாங்கினதுப்பா. கொஞ்சம் அசந்துட்டோம்.”

“அந்த ஒண்ணு இப்ப எங்க?”

“எங்க இருக்கும்? வலைக்குள்ளதான் கெடக்கும்!”

பெரட்டே ஆடிப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு. கங்காணி சிரித்தார், நான் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அவர் இரண்டு கையையும் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டிவிட்டார்கள்.

என் கையிலிருந்து வாளி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. இன்னும் பாதிச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விளையாடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பிடரியில் ஒரு தள்ளு தள்ளியதும்தான் அந்தச் சிரிப்பு போனது.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிதான் முதலில் விஷயத்தைப் பிடித்தார். “அய்யய்யோ, அரிசின்னு நெனச்சிட்டாங்கடா!” என்று தலையில் கையை வைத்தார். அப்புறம் பெரட்டு முழுக்க ஒரே கத்தல். “போலா, துவான், போலா!” என்று எனக்குத் தெரிந்த மலாயில் நானும் கத்தினேன். துவான் என்றால் தொரை, போலா என்றால் பந்து. தொரை நின்று கேட்டார். கேட்டுவிட்டுப் பையனிடம் ஏதோ சொன்னார். பையன் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அக்கா, தொரை கேக்குது. ஜெயிச்சவன் எடுத்துக்குவான்தானே, ஏன் கொடுக்கறான்? தோத்தவன் எப்படி வாங்குவான்? தோத்தவனுக்கு யாரு கொடுப்பா?”

பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. அது ஏன் அப்படி என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால்தானே பதில் வரும்? ஜீப் கிளம்பிவிட்டது.

பின்னாலேயே இன்னொரு வண்டி நிறையப் போலீஸ் வந்து எங்கள் வீட்டில் இறங்கியது. வாங்கிய அந்த ஒன்று துப்பாக்கியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். வலைக்குள் கிடக்கிறது என்று இவர் வேறு சொல்லியிருக்கிறாரே. ஆற்றில் கெளுத்தி பிடிக்க ஒரு வீச்சு வலை வைத்திருந்தார். அதைக் கண்டதும் அவர்களுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கத்தியால் கிழித்து உதறினார்கள். வலைக்குக் கீழே இருந்த மண்ணைத் தோண்டினார்கள். அடுப்பங்கரையையும் தோண்டினார்கள். கோழிக்கூட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகைகூட வரவில்லை. இதெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடக்கிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் லயத்தில் என்னோடு பேச ஆளில்லை. பேசினால் பதினோரு பேரில் ஒருத்தராகிவிடுவோம் என்ற பயம். குழாயடிக்கு நான் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே கோபம் வந்தது. நேற்றுவரை இவர் வாயைப் பார்த்துக்கொண்டு ‘எத்தன எத்தன’ என்று நின்றவர்கள்தானே எல்லாரும்! மரம் சீவப் போனால், பட்டையோடு நிற்க வேண்டிய உளி மரத்துக்குள் இறங்கிக் காயம் பண்ணியது. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஏதோ திட்டினார், காதில் விழவில்லை.

கிராணி ஒரு மத்தியானம் வந்து, வீட்டுக்குள் வராமல் வெளியே நின்றபடியே சொன்னார். “கப்பலுக்குப் பேரு எழுதப் போறாங்களாம்மா. நீயும் கூடப் போறியா இங்கேயே இருக்கப் போறியான்னு கேப்பாங்க. யோசிச்சு வச்சுக்க.”

என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இந்தியாவில் அவருக்கு ஒரு தெருப்பெயர்கூடத் தெரியாது. அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பார்? யாரைப் பார்த்து என்ன பேசுவார்? மலாயா நேற்று எத்தனை கொடுத்தது என்று அங்கே யார் அவருக்குச் சொல்லப் போகிறார்கள்? எனக்கு அப்போது இந்தக் கடைசி நினைப்புதான் வந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை நினைத்துத்தான் முதல்முதலாக அழுதேன். அழுது முடித்ததும் போவது என்று முடிவு செய்துவிட்டேன். கப்பலுக்கு இல்லை, போலீஸ் ஸ்டேஷனுக்கு.

லோரிக்கார அண்ணன் நல்ல மனிதர். ஷீட்டு மூட்டைகளுக்கு நடுவில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார். “ஒண்ணும் ஏடாகூடமாப் பேசிடாத தங்கச்சி” என்றார். தலையாட்டினேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் தொரை. பக்கத்தில் கேட்டுப் பையன். சாட்சி அவன்தான், மொழிபெயர்க்கிறவனும் அவன்தான். இன்னொரு மேசையில் மலாய்க்கார குமாஸ்தா ஒருவர். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் லாக்கப். அங்கே என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தது, ஆனால் சத்தமே இல்லை.

வருகிற வழியெல்லாம் யோசித்து நான் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கொடுத்தோம் என்றால் எதைக் கொடுத்தோம்? அடியைக் கொடுத்தோம். ‘முதுகுல நாலு கொடு’ என்று சொல்லும்போது அடி என்ற வார்த்தையையா சொல்கிறோம்? அது உள்ளேயே இருக்கிறது. இதைச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

“தம்பி, தொரைகிட்ட சொல்லு. கொடுத்தது அரிசி இல்ல. அடி. நாலு அடி கொடுத்தோம். ஒரு அடி வாங்கினோம். அதத்தான் சுருக்கிச் சொல்றோம்.”

பையன் யோசித்தான். கடையில் கயிறு, பலகை, கம்பி எல்லாம் அடிக்கணக்கில் அளந்து கொடுத்தவன் அவன். முகம் தெளிந்து, தொரையைப் பார்த்து, “எம்பாட் காக்கி, துவான்” என்றான். நாலு அடி நீளம் என்று அர்த்தம்.

தொரை நிமிர்ந்தார். நாலு அடி என்ன? கம்பியா? வெடிக்குப் போடுகிற திரியா? யாருக்கு அளந்து கொடுத்தீர்கள்? பேனாவை எடுத்தார்.

“அந்த அடி இல்லப்பா!” என்று கத்தினேன். “இது வேற அடி! கையால அடிக்கற அடி!”

“அக்கா, அடி ஒண்ணுதான். பன்னண்டு இஞ்சு” என்றான் அவன். எனக்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிற அந்தப் பொறுமை! தொரை எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா காகிதத்தில் ஓடுவதைப் பார்த்தேன். என் புருஷன் கப்பல் ஏறுவதுதான் அங்கே எழுதப்படுகிறது என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் என்ன நடந்தது என்றால், நான் அறைந்துவிட்டேன்.

பளாரென்று ஒரு அறை. அந்தப் பையனின் இடது கன்னத்தில். தொப்பி பறந்துபோய்க் குமாஸ்தா மேசைக்குக் கீழே விழுந்தது. வாசலில் நின்றவன் துப்பாக்கியை என்மேல் திருப்பிவிட்டான். தொரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறைந்தது நான்தானா? அவசரகாலத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்குள், யூனிபாரம் போட்டவனை? கை எரிந்தது. என் கைதான். வாயும் நிற்கவில்லை.

“இதான்! இதான் கொடுக்கறது! நான் கொடுத்தேன். நீ என்னா பண்ணின? சொல்லு! நீ என்னா பண்ணின?”

பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மெல்ல, கடையில் புதிதாக வந்த சாமானின் பெயரைப் படிக்கிற மாதிரி, சொன்னான்.

“நான்... ஒண்ணு... வாங்கினேன்.”

சொன்னவன் வாய் அப்படியே திறந்து நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தான், லாக்கப் பக்கம் பார்த்தான். “யா அல்லாஹ்” என்றான். அப்புறம் தொரையைப் பார்த்து மூச்சு விடாமல் மலாயில் கொட்டினான். தன் கன்னத்தைத் தானே தட்டிக் காட்டினான். “டியா காசி, சாயா தெரிமா!” அவள் கொடுத்தாள், நான் வாங்கினேன். மலாயா கொடுத்தது, துவான், மலாயா! அந்த மேட்ச் முடிவு வந்த அன்றைக்குப் போலீஸ் பாராக்ஸில் அவனும் குதித்தவன்தானாம். ஜெயித்ததைக் கொண்டாடிவிட்டு வந்துதான் கேட்டில் நின்றிருக்கிறான், ஜெயித்ததைச் சொன்ன ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தொரை சிரிக்கவில்லை. துப்பாக்கிக்காரனுக்குக் கையைக் காட்டி இறக்கச் சொன்னார். பையனை லாக்கப் பக்கம் அனுப்பி ஏதோ கேட்கச் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. மலாயா ஆடிய மேட்சுகளை ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மேட்சிலிருந்து ஆரம்பித்தார். குரல் அவர் குரலாகவே இல்லை, கட்டைக் குரலாக, நடுநடுவே நின்று நின்று வந்தது. இவ்வளவு கொடுத்தோம், இவ்வளவு வாங்கினோம். அடுத்தது கொடுக்கவே இல்லை, வாங்கினோம். அதற்கடுத்ததும் வாங்கினோம். பையன் இப்போது சரியாக மொழிபெயர்த்தான். குமாஸ்தாவும் பந்துப் பைத்தியம்போல, பழைய மேட்சுகள் அவருக்கும் தெரிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் “பெத்துல், துவான்” என்று தலையாட்டினார். சரிதான், சரிதான். ஒன்றில்கூட இவர் வாங்கினதைக் குறைத்துச் சொல்லவில்லை. இவ்வளவு தோற்றோம் என்று எவன் துப்பு மறைப்பதற்காகக் கதை கட்டுவான்? தொரைக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடினார்.

அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அறைந்ததற்கு என்னை என்ன செய்வது என்று தொரை கேட்டாராம். வழுக்கி விழுந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றானாம் அந்தப் பையன்.

லோரியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. முதுகைச் சாய்க்கவே இல்லை, குச்சி மாதிரி நிமிர்ந்தே இருந்தார். பொம்பளை ஸ்டேஷனில் கை நீட்டிவிட்டாள் என்று கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், கோபப்பட ஆள் திரும்பி வந்துவிட்டதே என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர் வைத்தேன். “சட்டையக் கழட்டுங்க, ஊத்தி விடறேன்.”

“நானே ஊத்திக்கறேன் புள்ள.”

“ஏன், புதுசா வெக்கம் வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கியது வரவில்லை. முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. கையிலிருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் விழுந்திருக்கும். ஸ்டேஷனில் இருந்தபோது நான் என்ன நினைத்தேன், அடி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, நான்தான் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கமே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து ஒட்டியிருந்த சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.

“எத்தன வாங்கினீங்க?” என்று கேட்டேன்.

அவர் சொம்பை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“ஒங்களத்தான் கேக்கறேன். எத்தன?”

“எண்ணல புள்ள.”

அவர் எண்ணவில்லையாம்!

“என்னாதான் கேட்டாங்க?”

“பேரு கேட்டாங்க. பதினோரு பேருன்னு நாந்தானே சொன்னேன். பத்துப் பேரு வேணாம், யாராச்சும் ரெண்டு பேரு பேரக் கொடு, விட்டுடறோம்னாங்க.”

“கொடுத்தீங்களா?”

“ஒண்ணும் கொடுக்கல.”

குழாயடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்களே, அந்தப் பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எந்தப் பேரையும் இவர் சொல்லியிருக்கலாம். அப்புறம் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

“நான் ஒண்ணு கொடுத்தேன்.”

“கேட்டுச்சு” என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமானது. சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் நிறுத்துகிறார், மறுபடி சிரிப்பு வருகிறது. “அப்ப நாம முட்டை இல்ல.”

முட்டை என்றால் சைபர். ஒன்றுமே கொடுக்காமல் தோற்பது. இல்லை, முட்டை இல்லை என்றேன். அழுதுகொண்டே சொன்னேன்.

முதுகு ஆறி அவர் மறுபடி லோரி ஏறியபோது கேட்டில் அதே பையன்தான் நின்றான். எங்களைக் கண்டால் முகத்தைக் கீழே போட்டுக்கொள்வான். நான் அவனோடு பேசவில்லை. என்ன பேசுவது? அவனை அறைந்ததற்கு வருத்தப்பட வேண்டுமா, இன்னும் ஒன்று அறைய வேண்டுமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மலாயா மறுபடி ஆடியது. லோரி திரும்பி வந்து கேட்டில் நின்றது. நான் மரம் சீவிவிட்டு வந்து சோதனைக்கு வரிசையில் நின்றிருந்தேன். பையன் லோரிக்கிட்டே போனான். கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டான்.

“அண்ணே, நாம... எத்தனை கொடுத்தோம்? எத்தனை வாங்கினோம்?”

நாம என்றான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். என் வீட்டுக்காரர் லோரியிலிருந்து இறங்கினார். அந்த மேட்சை மட்டும் சொல்லவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தார். பழையபடி, வாய்ப்பாடு மாதிரி, ஒன்றையும் விடாமல். வாங்கினதையெல்லாம் சொன்னார். நாலு கொடுத்து ஒன்று வாங்கிய மேட்சுக்கு வந்தார். அதற்கப்புறம் புது மேட்சுக்குப் போகவில்லை. கொஞ்சம் நிறுத்தி, பையன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“அப்புறம் ஸ்டேஷன்ல ஒரு மேட்சு. ஒண்ணு கொடுத்தோம்.”

பையன் சிரித்துவிட்டான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டு, “ஆமாண்ணே, ஒண்ணு வாங்கினேன்” என்றான். சிரித்துக்கொண்டே கேட்டான், “வாங்கினது?”

என் வீட்டுக்காரர் சட்டைக் காலரை இழுத்து மேலே விட்டுக்கொண்டார்.

“வாங்கினது ஞாபகமில்ல தம்பி” என்றார்.